ஹைலம் தகட்டில் யந்திர உறுப்புகள்: ஓசூர்ப் பகுதிக் கிராமங்களுக்கு ஏற்ற ஒரு கைத்தொழில்

பிரஷர் குக்கரின் கறுப்புக் கைப்பிடியைப் பாராதவர் இன்று எக்கிராமத்திலும் இரார். பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அக்கைப்பிடி உருகுவதில்லை. தொட்ட கையைச் சுடுவதுமில்லை. பழைய வீடுகளின் சுவரில் இருந்த உருண்டை மின்சார ஸ்விச்சுகளும், பல்பு மாட்டும் ஹோல்டர்களும் அதே இனத்தைச் சேர்ந்த பொருளால் ஆனவையே. மக்கள் இதனைப் பேக்கலைட் என்பர். ரசாயன நூல்கள் பீனால் பிசின் என்று கூறும். குக்கர் உற்பத்தி செய்யும் டி.டி.கே. பிரெஸ்டிஜ் ஸ்தாபனத்தின் ஆலைகளுள் ஒன்று ஓசூரிலேயே இருப்பதால், இப்பொருள் நம் பகுதிக்குப் புதிதன்று.

ஆனால் இக்கட்டுரை கைப்பிடிகளைப் பற்றியதன்று. அதே பிசினைக் கொண்டு செய்த கெட்டித் தகடுகளையும் உருளைகளையும் வாங்கி, அவற்றைக் கடைந்தும் துளைத்தும் அறுத்தும், ஒவ்வொரு வாடிக்கையாளரும் கேட்கும் அளவில் ஐந்தும் பத்துமாக யந்திர உறுப்புகள் செய்து கொடுக்கும் தொழிலைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், தளி ஒன்றியங்களின் கிராமங்களில் ஐ.டி.ஐ. படிப்பை முடித்து, ஆலைகளில் சில ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்து, பின்னர் ஊர் திரும்பிய வாலிபர்கள் பலர் உள்ளனர். ஒன்றிய அலுவலகத்துக்கு வரும்போது இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஐயா, ஒரு லேத் வாங்கிச் சொந்தமாகப் பட்டறை வைக்கலாமா?” வைக்கலாம். ஆயின், இரும்பைக் கடையும் பட்டறைகள் சாலைதோறும் நிறைந்திருக்கும் பகுதியில் இன்னொரு பட்டறை பைசாக் கணக்கில் கூலியைக் குறைத்தே வேலை பெற வேண்டியிருக்கும். தூசிக்கு அஞ்சிப் பலரும் ஒதுக்கிவிடும் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவருக்கு அந்த நெருக்கடி குறைவு என்பது என் கருத்து.

சுட்ட மண்ணும் உருகும் மெழுகும்

பிளாஸ்டிக் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் பொருள்கள் உண்மையில் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. குடம், வாளி, சொட்டுநீர்க் குழாய் முதலியவை மெழுகைப் போன்றவை; சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடேற்றினால் மறுபடி இளகும். மற்றொரு குலம் செங்கல்லைப் போன்றது. பச்சை மண்ணை எப்படி வேண்டுமாயினும் பிசையலாம். ஒருமுறை சூளையில் வெந்த பின் அது மீண்டும் சேறாகாது. பீனால் பிசின் இந்த இரண்டாவது குலம். பீனாலும் பார்மால்டிஹைடும் கூடிப் பிறக்கும் அப்பிசின், சூட்டாலும் அழுத்தத்தாலும் தன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு நிரந்தரமாக இறுகிவிடுகிறது. அதன் பின் அளவுக்கு மீறிய சூடு பட்டால் கருகுமேயன்றி உருகாது. இதனை ஒட்டவைத்துப் பற்றவைக்க இயலாது. உருக்கி வேறு வடிவில் வார்க்கவும் இயலாது. தவறாக வெட்டிய துண்டு தவறாக வெட்டிய துண்டேயாகும்.

இப்பொருள் பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் என்ற ரசாயன நிபுணர் தேடியது அரக்குக்கு ஒரு மாற்று. மின்சாரக் கம்பிகளுக்கும் சாதனங்களுக்கும் காப்புப் பூச்சாக உலகம் அப்போது பெரிதும் நம்பியிருந்தது நம் காடுகளில் பூச்சிகள் கட்டும் அரக்கையே. மின்சாரத் தொழில் வளர வளர அரக்கு போதவில்லை. 1907-இல் பேக்லண்ட் தம் பிசினைக் கண்டார். 1909-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1913-ஐ ஒட்டி, ஓகானர், பேபர் என்னும் இரு அமெரிக்கர்கள், துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்தி, அப்பிரகத்துக்கு மாற்றாகக் காப்புத் தகடு செய்யத் தலைப்பட்டனர். பார்மைக்கா என்ற பெயரே ‘மைக்காவுக்குப் பதில்’ என்ற பொருளில் எழுந்தது. மைக்கா என்பது நம் கிராமத்தார் காக்காப்பொன் என்று அழைக்கும் அதே அப்பிரகம்தான். நம் அரக்குக்கும் நம் காக்காப்பொன்னுக்கும் மாற்றாகத் தோன்றிய பொருளை இன்று நம் பட்டறைகள் அறுத்துக்கொண்டிருக்கின்றன.

தகடு செய்யும் முறை எளிது. காகிதத்தையோ பருத்தித் துணியையோ பிசினில் தோய்த்து உலர்த்தி, வேண்டிய தடிப்புக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறக்குறைய 150 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் பெரும் அழுத்த யந்திரத்தில் வைத்து அழுத்துவார்கள். வெளிவரும்போது அடுக்குகள் எல்லாம் ஒன்றாகி, பழுப்பு நிறமான கெட்டிப் பலகை கிடைக்கும். ஐதராபாத்தில் இத்தகடுகளைச் செய்த தொழிற்சாலையின் ‘ஹைலம்’ என்ற வணிகப் பெயர், வனஸ்பதிக்கு டால்டா என்ற பெயர் ஒட்டிக்கொண்டதுபோல, இப்பொருளுக்கே பெயராகிவிட்டது. பெங்களூரிலும் ஓசூரிலும் கடைக்காரரிடம் ஹைலம் ஷீட் என்று கேட்டால்தான் விளங்கும். ஆயினும் வாங்கும்போது பெயரை மட்டும் நம்பலாகாது. ஐ.எஸ். 2036 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி எந்த ரகம் என்று கேட்டு, சோதனைச் சான்றிதழையும் பெற்றுக்கொள்வது நலம். காகித அடுக்கு மின்சாரக் காப்புக்குச் சிறந்தது. ஆனால் அடிபட்டால் விரியும். துணி அடுக்கு உறுதி மிக்கது; பல்சக்கரம், தாங்கி, உராயும் தகடு முதலியவற்றுக்கு அதுவே தகும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். வெட்டிய ஓரத்தை உற்று நோக்கினால் துணியின் நெசவு தெரியும், காகிதத்தில் தெரியாது.

ஏன் வெட்டிச் செய்ய வேண்டும்?

ஒரே வடிவம் லட்சக்கணக்கில் தேவைப்படும்போது, குக்கர் கைப்பிடியைப் போல, எஃகு அச்சு ஒன்று செய்து அதில் பிசின் தூளை இட்டு அழுத்திவிடலாம். அச்சின் விலை பெரிதாயினும் உருப்படிகளின் எண்ணிக்கையில் அது கரைந்துவிடும். ஆனால் ஒருவருக்கு வேண்டியது பன்னிரண்டே உருப்படிகள் என்றால் அச்சு செய்வது அறிவுடைமையாகாது. அப்போது தகட்டை வெட்டுவதே வழி.

இத்தகைய சிறு தேவைகள் ஓசூரைச் சுற்றி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். 1971-இல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனம் அப்பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது, டி.வி.எஸ். மொபெட்டும் அவ்வாண்டிலேயே இங்கிருந்து வெளிவரலாயிற்று. அதே பத்தாண்டில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தது. அண்மைக் காலத்தில் மின்சார ஸ்கூட்டர், மின்னணுச் சாதன ஆலைகள் சேர்ந்துள்ளன. பெரிய ஆலை ஒன்று இருக்குமிடத்தில் அதற்கு உறுப்பு வழங்குவோர், சோதனைக் கருவி கட்டுவோர், பழுது பார்ப்போர் என்று சிறு பட்டறைகளின் கூட்டம் ஒன்றும் இருக்கும். மின்சாரப் பலகையின் காப்புத் தட்டு, மோட்டார் சுருளைத் தாங்கும் ஆப்பு, மின்சுற்று அட்டையைச் சோதிக்கும் பிக்ஸ்சர், காற்றழுத்த யந்திரத்தின் துடுப்புத் தகடு, ஓசையின்றி ஓடும் பல்சக்கரம், கீறல் விழாதபடி பொருளைத் தாங்கும் பிடிப்பான் ஆகியவை இவர்கள் கேட்பவை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய யந்திரம் ஒன்றில் கையளவு ஹைலம் துண்டு உடைந்துபோய், செய்தவர் இன்று அதனை வழங்காத நிலையில், ஒரு ஷிப்ட் முழுவதும் யந்திரம் நிற்கும். அன்று மாலைக்குள் அத்துண்டைச் செய்து கொடுப்பவர் கேட்கும் கூலியை எவரும் பேரம் பேசுவதில்லை.

இரும்பைவிட இது இலேசானது என்பதும் கருதத்தக்கது. 1220 மில்லிமீட்டர் சதுரமும் 25 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஹைலம் தகடு ஏறக்குறைய 50 கிலோ எடை இருக்கும். அதே அளவுள்ள எஃகுத் தகடோ 290 கிலோவைத் தாண்டும். இரண்டு ஆட்கள் தூக்கி யந்திரத்தில் வைக்கலாம், கிரேன் வேண்டாம்.

வெட்டும் முறை

இரும்பு வேலையில் தேர்ந்த தொழிலாளி இப்பொருளை முதன்முதலில் தொடும்போது, ‘மரத்தைவிடக் கடினம், இரும்பைவிட மென்மை, இதில் என்ன இருக்கிறது’ என்று எண்ணுவது இயல்பு. அரை நாளில் அவருடைய கருவியின் முனை மழுங்கிவிடும். இறுகிய பிசின் உப்புத்தாள் போலக் கருவியைத் தேய்ப்பதே காரணம். சாதாரண அதிவேக எஃகுக் கருவி இங்கு நீடிப்பதில்லை. கார்பைட் முனை வேண்டும், அதுவும் கூர்மையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சூடு. எஃகுடன் ஒப்பிட்டால் இப்பொருள் சூட்டைக் கடத்தும் திறன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இரும்பை வெட்டும்போது எழும் சூட்டில் பெரும்பகுதி சுருளோடும் உருப்படியோடும் போய்விடுகிறது. இங்கு அது கருவியின் முனையிலேயே தங்கிவிடுகிறது. கருவி மழுங்க, உராய்வு மிகும். உராய்வு மிக, பிசின் கருகும். அப்போது கார்பாலிக் நெடி ஒன்று எழும். பீனாலின் பழம் பெயரே கார்பாலிக் அமிலம். சூளகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து இவ்வேலை செய்கிறார்கள். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரோடு கன்னடம், என்னோடு தமிழ். அண்ணன் என்னிடம் சொன்னார்: “ஐயா, இரும்பு தப்பாப் போனா சத்தம் போட்டுச் சொல்லும். இது வாசனையாலே சொல்லும். நெடி வந்த உடனே தம்பி மிஷினை நிறுத்திடுவான்.” பல பாடப் புத்தகங்களைவிட இது தெளிவாக இருந்தது.

சூட்டைத் தணிக்க இரும்புக்கு ஊற்றுவதுபோல எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றலாமா என்றால், கூடாது. காகிதமும் துணியும் நீரை உறிஞ்சும். தகட்டின் மேற்பரப்பில் பிசின் மூடியிருப்பதால் அவ்வளவாக உறிஞ்சாது. நாம் வெட்டித் திறந்த ஓரமோ வாய் திறந்து குடிக்கும். உருப்படி உப்பும், மின்காப்புத் திறனும் குன்றும். ஆகவே உலர்ந்த நிலையிலேயே வெட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அகற்றும் ஆழத்தைக் குறைத்து, தூளை உடனுக்குடன் உறிஞ்சி அகற்ற வேண்டும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவி நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 மீட்டர் ஓடுகிறது. கார்பைட் கருவிக்கு இந்த வேகம் தாங்கும். நின்ற இடத்தில் கருவியைச் சுழலவிடுவதுதான் பெருந்தவறு. வெட்டாமல் உராய்ந்துகொண்டிருக்கும் நொடிகளிலேயே கருகல் விழுகிறது.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது அடுக்குகளைப் பற்றி. இதனை மனத்தில் வாங்கிக்கொண்டவர் பாதித் தொழிலைக் கற்றவர். ஹைலம் தகடு ஒரு புத்தகத்தைப் போன்றது. அட்டையிலிருந்து அட்டைக்கு ஆணியை அறைந்தால் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. பக்கங்களின் ஓரத்தில் அறைந்தால் ஏடுகள் பிரியும். அதே நியாயம் இங்கும் பொருந்தும். தகட்டின் முகத்தில் துளையிடும்போது, டிரில் பிட் மறுபுறம் வெளிவரும் இடத்தில் கடைசி அடுக்குகள் சிதறும். அடியில் ஒரு கட்டைப் பலகையை இறுக்கிவைத்து, முடிவில் கையின் அழுத்தத்தைத் தளர்த்தினால் துளை வாய் சுத்தமாக இருக்கும். ஓரத்தில் துளையிட வேண்டியிருந்தாலோ, இரு முகங்களையும் வைஸின் தாடைகளுக்கிடையே நன்கு இறுக்கிய பின்னரே தொடங்க வேண்டும். அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளைக் கொட்ட வேண்டும். ஓரத்தில் மரை வெட்டுவதை இயன்றவரை தவிர்த்து, பித்தளை மரைக் குழலைப் பதிப்பதே நல்லது. வரைபடத்தில் அவ்வாறு இல்லையெனில் வாடிக்கையாளரிடம் சொல்லலாம். சொன்னதற்காக எவரும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை.

பல்சக்கரத்திலும் இதே விதிதான். சக்கரத்தின் அச்சு தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். அப்போது ஒவ்வொரு பல்லிலும் துணி அடுக்குகள் ஒரே சீராக ஊடுருவி நிற்கும். தடித்த தகட்டைப் பக்கவாட்டில் திருப்பி அச்சை அடுக்குகளோடு இணையாக வைத்துக் கடைந்தால், சக்கரம் பார்வைக்கு அழகாகவே இருக்கும். சில பற்கள் மட்டும் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். சரியாகச் செய்த துணி அடுக்குப் பல்சக்கரம் எஃகுச் சக்கரத்தோடு இணைந்து ஓடும்போது ஓசை வெகுவாகக் குறைகிறது. மோட்டார் வாகன எஞ்சின்களின் டைமிங் சக்கரங்களை இப்பொருளில் செய்து வந்ததற்கு இதுவே காரணம்.

துளை பற்றி மேலும் ஒன்று. பிட்டை எடுத்தபின் துளை சிறிது சுருங்கி, பிட்டின் விட்டத்தைவிடக் குறைவாக நிற்கும். ஆதலால் ஒரு சோதனைத் துண்டில் துளையிட்டு, ஆறவிட்டு, அளந்து பார்த்த பிறகே சரியான பிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது எடுத்த அளவு பொய் சொல்லும். தடித்த தகட்டின் ஒரு முகத்தை மட்டும் ஆழமாகச் சீவினால் உள்ளிருக்கும் இறுக்கம் ஒருபுறம் விடுபட்டு, தகடு வளையும். இரு முகங்களிலும் சமமாகச் சீவி, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் கடைசி அளவுக்குக் கொண்டுவருவது நல்ல வழக்கம். எஃகில் கேட்பதுபோல ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை நுட்பம் கேட்பவருக்கு இசைவு தரலாகாது. ஐப்பசி மழையில் காற்றின் ஈரமே அந்த அளவைக் கலைத்துவிடும்.

மின்காப்பு உறுப்புகள் செய்வோர் ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். காலையில் இரும்பு கடைந்த யந்திரத்திலேயே மாலையில் ஹைலத்தைக் கடைவதாயின், இரும்புத் தூள் ஒரு துகளும் மீதியின்றித் துடைக்க வேண்டும். மேற்பரப்பில் பதிந்த உலோகத் துகள்கள் மின்சாரம் தாவுவதற்குப் படிக்கட்டாகும். அத்துடன், பீனால் தகட்டின் மேல் ஒருமுறை தீப்பொறி ஓடினால் அதன் தடம் கரியாகி, அக்கரியே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். வெட்டிய ஓரங்களுக்குக் காப்பு வார்னிஷ் பூசி உலர்த்திக் கொடுக்கும் பட்டறைக்கு மறுமுறையும் ஆர்டர் வருவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு தகட்டில் எத்தனை?

இத்தொழிலில் கூலியைவிடச் சரக்கின் விலையே பெரிது. ஆகவே லாபம் யந்திரத்தில் இல்லை. தகட்டில் கோடு போடும் மேசையில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 100-க்கு 60 மில்லிமீட்டர் அளவில் 40 துண்டுகள் வேண்டுமென்று ஆர்டர் வருகிறது. கையில் இருப்பது 600 மில்லிமீட்டர் சதுரத் தகடு. ரம்பத்தின் தடிப்பு 3 மில்லிமீட்டர். ஓரங்களைச் சீவ ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால், ஒரு துண்டுக்கு 108-க்கு 68 தேவைப்படும். நீளவாக்கில் 5, குறுக்கே 8, ஆக 40 துண்டுகள். மாற்றாக ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் விட்டால் 106-க்கு 66 போதும். நீளவாக்கில் 5, குறுக்கே 9, ஆக 45 துண்டுகள். முதல் கணக்கில் ஒரு துண்டு பழுதானாலும் இன்னொரு தகடு வாங்கியாக வேண்டும். அன்றைய கூலி அத்தனையும் அதில் போய்விடும். இரண்டாவது கணக்கில் ஐந்து துண்டுகள் கைவசம் நிற்கும். நேராக அறுக்கும் கையும் ஆட்டம் இல்லாத ரம்பமும் இருந்தால்தான் ஒன்றரை மில்லிமீட்டர் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் குறிப்பிட்ட சகோதரர்களின் பட்டறையில் இந்தக் கோடுகளைப் போடுபவர் அண்ணனின் மனைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தகட்டில் வீணாகும் இடத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுகிறார்.

தூசி

இதுவரை கூறியவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பட்டறைகளும் தவறும் இடம் ஒன்றுண்டு. இப்பொருளை வெட்டினால் சுருள் வராது, தூளே வரும். கனமான தூள் யந்திரத்தின் கீழே விழும். மெல்லிய தூளோ கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து மூச்சுக் குழலுக்குள் செல்லும். தோல் அரிப்பும் இருமலும் இதனால் உண்டாகும். கருகும்போது வெளிப்படும் பார்மால்டிஹைடு இன்னும் கொடியது. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் முடிவு செய்தது. தோளிலுள்ள துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயன் இல்லை. என்-95 தரத்து முகமூடி வேண்டும். அதற்கும் முன்னதாக, கருவி வெட்டும் இடத்திலேயே வாய் வைத்து உறிஞ்சும் தூசி உறிஞ்சியும், மெல்லிய தூளைப் பிடிக்கும் வடிகட்டியும் வேண்டும். மாலையில் காற்றுக் குழாயை வைத்து யந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் இரும்புப் பட்டறைகளில் உண்டு. இங்கு அதனைச் செய்தால் கீழே படிந்த தூளையெல்லாம் மீண்டும் காற்றில் ஏற்றுவதாகும். மேலும், நுண்ணிய பிசின் தூள் தீப்பற்றக்கூடியது. பொறி பறக்கும் கிரைண்டிங் சக்கரத்தை அதே அறையில் வைக்கலாகாது.

தூள் பட்டறையோடு நிற்பதும் இல்லை. ஓராண்டுக்கு முன் ஒரு கிராம சபைக் கூட்டத்தில், தங்கள் தெருவின் கோடியில் உள்ள பட்டறைக்காரர் வாரம் ஒருமுறை கழிவைக் கொளுத்துவதாகவும், அன்றிரவு குழந்தைகள் இருமிக்கொண்டே இருப்பதாகவும் பெண்கள் எழுந்து முறையிட்டனர். போய்ப் பார்த்தேன். ஓடைக் கரையில் பழுப்புத் தூள் குவிந்து கிடந்தது. பாதி எரிந்த துண்டுகளில் அந்தக் கார்பாலிக் நெடி இன்னும் இருந்தது. பட்டறைக்காரர் கெட்டவரல்லர். பிளாஸ்டிக் குடத்தை எடைக்கு வாங்கும் பழைய சாமான் வியாபாரி இதனையும் வாங்குவார் என்று முதலில் எண்ணியிருக்கிறார். உருக்க முடியாத பொருளை எவரும் வாங்கவில்லை. ஆறு மாதக் கழிவு சேர்ந்த பின் தீக்குச்சியைத் தேடியிருக்கிறார்.

வழி இல்லாமலில்லை. பெரிய துண்டுகளை அளவு வாரியாக அடுக்கி வைத்தால் வாஷர், சிறு காப்புத் தட்டு முதலியவை செய்யப் பயன்படும். தூளை மூடிய சாக்கில் உலர்வாகக் கட்டி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தைக் கேட்டு, தொழிற்சாலைக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். பல பட்டறைகள் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு குறையும். ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் எடுக்கும் வீட்டுக் குப்பையோடு இதனைக் கலப்பது பெருங்கேடு. அவர்கள் தயாரிக்கும் மண்புழு உரம் முழுவதும் பாழாகும். அப்பட்டறை இன்று கொளுத்துவதில்லை. ஆனால் ஓடைக் கரையில் கொட்டிய தூளை அள்ளி முடிக்க அவருக்கு நான்கு நாட்கள் ஆயின.

எல்லைக்கு அப்பால்

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சாலை ஒன்றே, மாநிலம் வேறு. பொம்மசந்திரா, ஜிகணி, பீன்யா ஆகிய பெங்களூர்த் தொழிற்பேட்டைகளிலிருந்து வேலை வருவது நம் பகுதியின் பெரிய வசதி. ஆனால் இந்த எல்லைக் கோடு 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பின்னும் கணக்கேட்டில் மறையவில்லை. தாமே தகடு வாங்கி உறுப்பு செய்து கர்நாடகத்துக்கு விற்பவர், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றாக வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய தகட்டை வெட்டிக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்குபவருக்கு, ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்டிருந்து அனுப்பியவர் பதிவு பெற்றவராக இருந்தால், அக்கட்டாயம் இல்லை. ஆயினும் வேறு மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு அனுப்பும் சரக்குக்கு, மதிப்பு நூறு ரூபாயாக இருந்தாலும், இ-வே பில் வேண்டும். ஸ்கூட்டரின் முன்புறம் நான்கு ஹைலம் துண்டுகளை வைத்துக்கொண்டு வரும் வாலிபர்களில் பலர் இதனை அறியார். அனுப்புகிறவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது வருபவரின் பாதுகாப்புக்கே.

கூலி வந்து சேர்வது மற்றொரு கவலை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க இயலாது. மீறினால் கூட்டு வட்டி உண்டு. இந்தச் சட்டத்தின் துணையைப் பெற, வேலையை ஏற்குமுன் உத்யம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டியதும் இல்லை.

கடன் வசதிகளைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு விதிகளைக் கூறுவார்கள். பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான திட்ட மதிப்பின் உச்ச வரம்பு 2022-இல் 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. அத்திட்டத்தில் கிராமப்புறப் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோருக்கு 35 விழுக்காடும் மானியமாக வகுக்கப்பட்டுள்ளது. ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் வைக்கும் பட்டறைக்கு இவ்விழுக்காடு குறைவு. ஊராட்சி எல்லைக்குள் வைப்பவருக்கே மேற்கண்டது பொருந்தும். யந்திரம் நிறுவ ஊராட்சியின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தோடு இடத்தின் வரைபடத்தை இணைக்கும்போது, அருகிலுள்ள வீடு, பள்ளி, கிணறு ஆகியவை எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளன என்று குறித்துக் கொடுத்தால் பரிசீலனை விரைவாக முடியும். திட்ட அறிக்கையில் யந்திரத்தின் விலைப்புள்ளியோடு தூசி உறிஞ்சியின் விலைப்புள்ளியையும் சேர்த்து வைக்க வேண்டும். முதல் கடனிலேயே அதனை வாங்கிவிடலாம். பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்ன பட்டறைகளில் நான் அதனை இன்னும் பார்க்கவில்லை.